வான்கோழிக் கொட்டகைக்கு ஒரு ட்ரெயில் கேமரா: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தாராபுரத்திலிருந்து மூலனூர் செல்லும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கொறங்காடு என்னும் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஐந்து ஆண்டுகளாக வான்கோழி வளர்த்து வருகிறேன். செம்மறி முப்பதும் காங்கயம் மாடு இரண்டும் உண்டு என்றாலும், பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்குவது வான்கோழிதான். 2024 மார்ச் இறுதியில் 7,400 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கி, அன்று முதல் பதினான்கு மாதங்கள் வெயிலிலும் மழையிலும் பனியிலும் வேலியோரத்திலேயே கட்டி வைத்திருந்த ட்ரெயில் கேமராவைப் பற்றிய மதிப்பீடு இது. வனத்துறையினர் புலிக் கணக்கெடுப்புக்கு மரத்தில் கட்டுகிறார்களே, அந்தத் தானியங்கி கேமராவின் மலிவான வகை. ஒரே கருவி பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரைச் சொல்வதில் பயனில்லை. எந்த அம்சங்களைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆடு, கோழி வைத்திருப்பவர்கள் நரிக்குத் துப்பாக்கி தேடுவதற்கு முன் இதை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்துக்கு நான் எளிதாக வந்து சேரவில்லை.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் இரண்டு வாரத்துக்குள் அறுபது வான்கோழிகளில் பதினொன்றை இழந்தேன். உயிர் எடைக்கு விற்றால் ஒவ்வொன்றும் இரண்டாயிரத்துக்குக் குறையாது. சில பறவைகள் தலை மட்டும் கடிபட்டுக் கொட்டகைக்குள்ளேயே கிடந்தன. சில இருந்த இடத்தில் இல்லை, கிளுவை வேலியின் அடியில் இறகுகள் மட்டும் சிதறிக் கிடந்தன. மாலை மங்கும் நேரத்தில் மேற்கே ஓடைப் பக்கம் நரி ஊளையிடுவது எங்கள் ஊரில் அனைவருக்கும் கேட்கும். ஆகவே யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பெரியப்பா வந்து இறகுகளைப் பார்த்துவிட்டு, "கண்ணு, இது நரி வேலைதான். ஒரு ராத்திரி நான் வந்து சாளையில படுத்துக்கறேன். ஒரே வெடி, அப்பறம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்காது" என்றார். அவரிடம் இருப்பது அப்பாரு காலத்திலிருந்து வரும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்றது. அந்த உரிமம் நரியைச் சுடும் அனுமதி ஆகாது என்பதும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நரியைக் கொல்வது குற்றம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், பதினோரு பறவைகளின் இழப்பு கண் முன்னே நின்றபோது, நான் அவரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தடுத்தது தேர்தல். மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடிந்தாலும், ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடியும்வரை அது திரும்பாது. அந்த இரண்டரை மாத இடைவெளியில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால்தான் இந்தக் கேமராவை வாங்கினேன்.

வாங்கச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்குள்ள நண்பர்களுடன் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறான். நான் கொட்டகையில் வைத்து வளர்க்கும் பறவையின் காட்டு உறவு ஒன்று அங்கே ரியோ கிராண்டே வான்கோழி என்ற பெயரில் புதர்க்காடுகளில் திரிகிறது. "மச்சான், சுடறதுக்கு முன்னால வந்தது யாருன்னு பாத்துருங்க. இங்க வேட்டைக்குப் போறவங்க எல்லாரும் மரத்துல ஒரு கேமரா கட்டி வெச்சிருப்பாங்க" என்று அவன்தான் சொன்னான். ஆனால் அதே ஏப்ரல் மாதம், அதே கேள்வி அவன் முன்னாலும் வந்து நின்றது. அதைப் பற்றிப் பின்னர்.

கருவியின் இயக்கம் எளிது. முன்பக்கத்தில் இருக்கும் உணரி, சுற்றியுள்ள வெப்பத்திலிருந்து வேறுபட்ட ஓர் உடல் நகர்வதை உணர்ந்தால் அரை நொடிக்குள் படம் எடுக்கும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும், படம் கறுப்பு வெள்ளையில் பதிவாகும். படத்தின் அடியில் தேதி, நேரம், வெப்பநிலை, நிலவின் பிறை அளவு நான்கும் இருக்கும். எட்டு பேட்டரி, ஒரு மெமரி கார்டு, கட்டுவதற்கு ஒரு பட்டை. இவ்வளவுதான்.

முதல் வாரம் வீணாயிற்று. கேமராவை வெள்வேல மரத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டி, கிழக்கு நோக்கித் திருப்பி வைத்திருந்தேன். ஏழாம் நாள் கார்டை எடுத்துப் பார்த்தால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்; அவற்றில் பெரும்பாலானவை காற்றில் ஆடும் கொழுக்கட்டைப் புல்லும், காலைச் சூரியன் நேராக அடித்து வெளுத்துப்போன வெற்று வெளியும்தான். கருவியோடு வந்த குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மைத்துனனிடம் கேட்டுத் திருத்திக்கொண்டேன்: முழங்கால் உயரத்தில் கட்ட வேண்டும், வடக்கு நோக்கி வைக்க வேண்டும், எதிரே பத்தடிக்குப் புல்லை அறுத்துவிட வேண்டும், விலங்கு குறுக்கே ஓடும் வழியை நேர்க்குத்தாகப் பார்க்காமல் சாய்வாகப் பார்க்கும்படி வைத்தால், உடல் படத்துக்குள் சற்று நேரம் நிற்கும். மார்ச் 31 முதல் படங்கள் தெளிவாக வரத் தொடங்கின.

ஏப்ரல் 9 அதிகாலை 2.40க்கு எடுத்த படத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். மூன்று நாய்கள். ஒன்று கொட்டகையின் நைலான் வலையைப் பல்லால் பிடித்து இழுக்கிறது. மற்ற இரண்டும் பின்னால் நிற்கின்றன. வலையை இழுக்கும் நாயின் கழுத்தில் பட்டை இருக்கிறது. அன்று காலை நான்கு வான்கோழிகள் செத்துக் கிடந்தன, ஒன்றைக்கூட அவை முழுமையாகத் தின்னவில்லை. அடுத்த வாரம் கொட்டகையின் விட்டத்தில் ஒரு மரநாய் நடந்து போவதும், அது வந்து போன இரண்டு இரவுகளில் கட்டையில் அடைந்திருந்த இரண்டு பறவைகள் தலை கடிபட்டுச் செத்ததும் பதிவாயின. காட்டுப்பூனை இரண்டு முறை வந்து வேலியோடு திரும்பிப் போயிற்று. பகலில் கீரிகள்.

நரியும் வந்தது. ஜூன் பாதி வரை பதினோரு வாரத்தில் பதினேழு இரவுகளில் அது படத்தில் இருக்கிறது. அநேகமாக ஒரே சோடி, ஒன்றின் இடது காதில் ஒரு வெட்டு. வேலியின் வெளிப்புறமாக ஓடையிலிருந்து கம்பங்காட்டுக்குப் போகும் வழி அவற்றின் அன்றாட வழி. ஒரு படத்தில் வாயில் எலி தொங்குகிறது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மே மாதத்தில் ஒரு நாள் காலை 5.52க்கு, வலைக் கண் வழியே வெளியே நுழைந்து போயிருந்த ஆறு வாரக் குஞ்சு ஒன்றை அந்த வெட்டுக் காது நரி கவ்விக்கொண்டு போவது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வாரங்களில் இழந்த ஏழு பறவைகளில் நான்கு நாய்க்கு, இரண்டு மரநாய்க்கு, ஒன்று நரிக்கு. நரி குற்றமே அறியாதது என்று நான் சொல்லவில்லை. அதைச் சுட்டிருந்தால் ஏழில் ஆறு அப்படியே போயிருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பகுதிகளில் பட்டிக்குள் நாய் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்ட செய்திகளும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் அமர்ந்து போராடியதும் அனைவரும் அறிந்தவை. நாய் பட்டிக்குள் நுழைந்தால் ஒன்றோடு நிற்காது. பின்தொடையையும் வயிற்றையும் கிழித்துப் பல ஆடுகளைக் குற்றுயிராகப் போட்டுவிடும். நரி தனக்கு வேண்டியதைத் தூக்கிக்கொண்டு போகும். இந்த வேறுபாட்டைப் பெரியவர்கள் அறிவார்கள். அறிந்தவர்களே இறகைக் கண்டதும் நரி என்கிறார்கள். ஊளை கேட்கிறது, அதனால் அதுதான் என்று முடிவாகிவிடுகிறது. நாய் நம் ஊருக்குள்ளேயே இருப்பதால் அதன் மேல் ஐயம் எழுவதில்லை.

படத்தில் இருந்த பட்டை நாயின் உரிமையாளர் எங்களுக்கு அடுத்த காட்டுக்காரர், உறவும்கூட. பெயர் வேண்டாம். முதலில் மறுத்தார். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுதுதானுங்க" என்றார். இப்போது இரவில் கட்டிப் போடுகிறார். இந்தக் கருவியால் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பயன் இதுதான். வாய்ச்சொல்லாகப் போயிருந்தால் இரண்டு குடும்பங்களுக்குள் பகை வந்திருக்கும். மற்ற இரண்டும் தெருநாய்கள். அவற்றுக்கென நைலான் வலையை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்து, ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கினேன். மரநாய் நுழைந்த கூரை இடுக்கைத் தகரத்தால் அடைத்தேன். தரையோடு இருந்த வலையின் முதல் இரண்டடிக்குச் சிறு கண் வலையை உட்புறமாகச் சேர்த்ததும் குஞ்சுகள் வெளியே போவது நின்றது. அதற்குப் பின் வந்த ஓராண்டில் மூன்று பறவைகளை மட்டுமே இழந்திருக்கிறேன். மூன்றும் பகலில், கீரியிடம்.

மைத்துனனின் கதைக்கு வருகிறேன். அங்கே வான்கோழி வேட்டை என்பது விடியுமுன் மரத்தடியில் உடல் தெரியாதபடி அமர்ந்து, பெட்டையின் குரலை ஒரு மரப்பெட்டியை உரசி எழுப்பி, சேவலைத் தன் பக்கம் வரவழைப்பது. அந்தக் குரலுக்குச் சேவல் மட்டும் வருவதில்லை, கயோட்டியும் வரும். நம் நரிக்கு நெருங்கிய இனம், சற்றே பெரியது; அலாஸ்கா முதல் மத்திய அமெரிக்கா வரை பரவியிருக்கிறது. டெக்சாஸில் அதைச் சுடுவதற்குத் தடைப் பருவம் எதுவும் கிடையாது. வான்கோழியைத் தின்கிறது, மான் குட்டியைத் தின்கிறது, ஆகவே கண்டால் சுடு என்பது அவன் கூட்டாளிகளின் வழக்கம். ஏப்ரலில் ஒரு காலை அவன் எழுப்பிய குரலுக்கு ஒரு கயோட்டி அறுபது கெஜத் தொலைவில் வந்து நின்றது. அவன் சுட்டான். துப்பாக்கியில் இருந்தது வான்கோழிக்கான ஐந்தாம் எண் சிறு குண்டுகள். நாற்பது கெஜத்துக்குள் பறவையின் தலையையும் கழுத்தையும் நோக்கி அடிப்பதற்கு உரியவை அவை. அந்தத் தொலைவில் ஒரு கயோட்டியைக் கொல்லும் வலு அவற்றுக்குக் கிடையாது. அது கத்திக்கொண்டு ஓடியது. நண்பகல்வரை குருதித் தடத்தைத் தேடியும் அவன் அதைக் காணவில்லை. அன்றிரவு என்னை அழைத்துச் சொன்னபோது அவன் குரல் கம்மியிருந்தது. அந்தக் காலை அதன் பின் எந்தச் சேவலும் குரல் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னான்.

அந்த உரையாடலுக்குப் பின் இருவரும் இதைப் பற்றி நிறையப் படித்தோம். அமெரிக்க அரசுத் துறையே ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் கயோட்டிகளைக் கொல்கிறது. இருந்தும், முன்பு மேற்கே மட்டும் இருந்த அந்த விலங்கு இன்று ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. கடுமையாக வேட்டையாடப்படும் இடங்களில் இளம் பெட்டைகளும் ஈனத் தொடங்குகின்றன, ஈற்றுக்குட்டிகள் கூடுகின்றன, காலியான எல்லைக்குள் அலைந்து திரியும் இளசுகள் வந்து குடியேறுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காட்டு வான்கோழியின் முட்டையைத் தின்பவற்றில் ரக்கூன், ஸ்கங்க், ஒபோசம் ஆகிய அங்குள்ள சிறு விலங்குகள் முன்னணியில் இருக்கின்றன. இருபத்தெட்டு நாள் தரையில் அடைகாக்கும் பெட்டைக்கு அவற்றால் வரும் கேடு சிறிதல்ல. 1999இல் க்ரூக்ஸ், சூலே என்ற இரு ஆய்வாளர்கள் சான் டியேகோ நகரத்தின் புதர்ப் பள்ளத்தாக்குகளில் பார்த்தபோது, கயோட்டி இல்லாத இடங்களில் பூனை முதலிய சிறு கொன்றுண்ணிகள் மிகுந்தும் புதர்ப் பறவைகள் குறைந்தும் இருந்தன. வான்கோழியைக் காப்பதற்காகக் கயோட்டியைச் சுடுகிறேன் என்று சொல்பவர் இதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

என் காட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். வெட்டுக் காது நரிக்கு இந்த வேலி தெரியும், விளக்கு தெரியும், என் வாடை தெரியும். வெளியே வந்த குஞ்சைத் தூக்கியதே தவிர உள்ளே நுழைய ஒரு முறையும் முயலவில்லை. அதைக் கொன்று அந்த இடத்துக்கு இந்தக் காட்டை அறியாத ஒன்று வருவதில் எனக்கு என்ன நன்மை? கம்பங்காட்டு எலிகளை அது தின்பதும் எனக்குக் கூலி இல்லாத வேலை. கன்றையோ ஆட்டுக்குட்டியையோ தொடர்ந்து பிடிக்கும் ஒரு விலங்கை, இன்னதுதான் என்று உறுதியாக அறிந்த பின், அங்கே சட்டம் இடம் கொடுப்பதால் ஒருவர் சுடுவதை நான் குறை கூற மாட்டேன். வேறொன்றுக்காகத் துப்பாக்கியோடு போன இடத்தில் கண்ணில் பட்டதே காரணமாகச் சுடுவதை ஏற்க முடியவில்லை. மைத்துனன் 2025 வசந்தத்திலும் வேட்டைக்குப் போனான். கயோட்டி வந்தால் கையைத் தட்டி விரட்டிவிடுவதாகச் சொல்கிறான்.

நம்மிடையே நரிக்கு வேறு மரபும் உண்டு. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பார்கள். சேலம் மாவட்டத்தில் வாழப்பாடிப் பக்கம் சில ஊர்களில் தைப் பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்து வந்து ஊர்வலம் விட்டு மீண்டும் காட்டில் விடுவார்கள்; அதுவும் சட்டப்படி குற்றம் என்பதால் வனத்துறை அபராதம் விதிக்கிறது. அதே கொங்கு மண்ணில் பன்றிக்கு என்று அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி வைத்து மாட்டின் வாயைச் சிதறடிப்பதும், செத்த ஆட்டில் விஷம் தடவி வைப்பதும் நடக்கின்றன. விஷத்துக்கு ஆள் தெரியாது. மயிலும் கழுகும் காவல் நாயும் சேர்ந்தே சாகும்.

கருவியின் குறைகள் சில கடுமையானவை. சித்திரை வெயிலில், நிலத்தின் சூடு விலங்கின் உடல் சூட்டுக்கு நிகராக ஏறும் பிற்பகல்களில், உணரிக்கு வேறுபாடு தெரிவதில்லை. மே மாதம் முழுவதும் நண்பகல் முதல் நான்கு மணிவரை கீரி கண்ணெதிரே வந்து போனதை அது பதிவு செய்யவில்லை. இது இந்த வகைக் கருவிகள் அனைத்துக்கும் உள்ள இயல்பு. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே போகவில்லை, ஆனால் எறும்பு போயிற்று: ஒரு மாதம் திறக்காமல் விட்டதில் பேட்டரிப் பெட்டிக்குள் முட்டையோடு கூடு கட்டிவிட்டது. மூடியின் விளிம்பில் வேப்பெண்ணெய் தடவிய பின் வரவில்லை. மார்கழிப் பனியில் கண்ணாடி மூடி மங்கி, விடியற்காலைப் படங்கள் பாழாகின்றன. இரவில் விலங்கு வேகமாக ஓடினால் உருவம் இழுபட்டுத் தெரியும். பட்டியில் எது என்று அறிய இது போதும், வேறு எதற்கும் போதாது. ஒன்பதாம் மாதம் அகச்சிவப்பு விளக்குகளில் ஒரு வரிசை அணைந்துபோனது. விற்றவருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. உத்தரவாதம் ஓராண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கினேன் என்பதால் இது என்னை மிகவும் வருத்தியது. உள்ளூரில் பழுது பார்க்கும் கடையோடு தொடர்புள்ள விற்பனையாளரிடம் வாங்குவதே நல்லது, ஐந்நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

வாங்குபவர்கள் விளக்கின் வகையை முதலில் பார்க்க வேண்டும். 850 நானோமீட்டர் விளக்கு தொலைவு வரை எட்டும், ஆனால் மங்கிய சிவப்பாக ஒளிர்வது தெரியும்; 940 நானோமீட்டர் விளக்கு தெரியாது, எட்டும் தொலைவு குறைவு. கொட்டகைக்கு 940 போதும். மனிதத் திருடனுக்கும் தெரியாது என்பது கூடுதல் வசதி. படத்தின் மெகாபிக்சல் எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள், அதற்காகக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு விரைவில் படம் எடுக்கிறது என்பதே முக்கியம், அரை நொடிக்கு மேல் என்றால் வால்தான் கிடைக்கும். சிம் போட்டுக் கைப்பேசிக்குப் படம் அனுப்பும் வகை விலை இரு மடங்கு. எங்கள் காட்டில் சிக்னல் ஒரு கோடு நிற்பதே அரிது என்பதால் நான் வாங்கவில்லை. மறுமின்னேற்றப் பேட்டரி போட்டால் மின்னழுத்தம் குறைவாக இருப்பதால் சில கருவிகள் தீர்ந்துவிட்டதாகக் காட்டி நின்றுவிடுகின்றன. எனது அப்படி நின்றது. சாதாரண ஆல்கலைன் எட்டு போட்டால் நான்கு மாதம் வருகிறது. ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று போதாது, கடவுக்கு ஒன்றும் பின்வேலிக்கு ஒன்றுமாக இரண்டு வேண்டும்.

ஜூன் மாதத்தில் துப்பாக்கி திரும்பி வந்ததும் பெரியப்பாவைச் சாளைக்கு அழைத்து எல்லாப் படங்களையும் வரிசையாகக் காட்டினேன். நாய்ப் படத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிப் பார்த்தார். நரி குஞ்சைக் கவ்விய படம் வந்தபோது, "பாத்தயா, நாஞ் சொன்னனல்லொ" என்றார். ஒன்றுதானுங்க பெரியப்பா, அதுவும் நாம் வலையைச் சரியாகக் கட்டாததால் வெளியே போனது என்றேன். சற்று யோசித்துவிட்டு, கம்பி வலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். மறுநாள் அவர் பட்டிக்கு அளவெடுக்கப் போனேன். அவருடைய காட்டில் இப்போது இரண்டாவது கேமரா இருக்கிறது, வடக்கு நோக்கி, முழங்கால் உயரத்தில்.